'வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று சொன்ன பிறகு

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது அந்த வாக்கியத்தின் முதல் பாதிதான் குடும்பத்தாரின் காதில் விழுகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன, அதை யார், எப்படிச் செய்வது என்று எவரும் சொல்லித் தருவதில்லை. என் தந்தையாருக்கு வந்த இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த நாளில் எங்களிடமும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருந்த பதினோரு வாரங்களில் நாங்கள் தவறு செய்தும், செவிலியரிடம் கேட்டும், திருத்திக்கொண்டும் கற்றவற்றை, இதே நிலையில் இப்போது இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். ஆனால் வலிக்கும், மூச்சுத்திணறலுக்கும், மலச்சிக்கலுக்கும், படுக்கைப்புண்ணுக்கும், பயத்துக்கும் செய்யத்தக்கது கடைசி நாள் வரை இருந்துகொண்டே இருக்கிறது. மருந்துகளின் அளவை மட்டும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவற்றில் பெரும்பகுதி வீட்டாரின் கையில் இருக்கிறது.

முதல் வாரத்தில்

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், அழுகையை அடக்கிக்கொண்டாவது, நான்கு கேள்விகளைக் கேட்டு விடையை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த நோய் இனி எந்த வழியில் போகும்? இடையில் வரக்கூடிய நெருக்கடிகள் எவை? இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைகளில் எவற்றை நிறுத்திவிடலாம்? நள்ளிரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

முதல் கேள்விக்கான விடை நோய்க்கு நோய் மாறும். புற்றுநோயில் மாதக்கணக்கில் ஓரளவு நடமாடிக்கொண்டிருப்பவர் கடைசிச் சில வாரங்களில் வேகமாகச் சரிவார். இதயம் அல்லது நுரையீரல் செயலிழப்பில் மோசமாவதும் தேறுவதுமாக ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு முறை தேறும்போதும் முன்பிருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்ப மாட்டார். மறதிநோயில் சரிவு ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும். இது தெரிந்திருந்தால் யார் எப்போது விடுப்பு எடுப்பது, வெளிநாட்டில் இருக்கும் மகன் எப்போது கிளம்பி வருவது என்பனவற்றைக் கொஞ்சமாவது கணித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்ட பிறகும் பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துக்கொண்டிருந்தால், இரவோடு இரவாகச் சர்க்கரை தாழ்ந்து நினைவிழந்துவிடும் ஆபத்து உண்டு. இந்தக் கட்டத்தில் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்துவது நோக்கமன்று. கொலஸ்ட்ரால் மாத்திரை போல, பத்தாண்டுகளுக்குப் பிறகு வரக்கூடிய கேட்டைத் தடுக்கத் தருபவற்றையும் மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடலாம். விழுங்கவே சிரமப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து மாத்திரை குறைவதே பெரிய நிம்மதி.

அடுத்த வேலை, பேலியேட்டிவ் கேர் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் ஆதரவு சிகிச்சை தருபவர்களைத் தேடிப் பிடிப்பது. கடைசி நாட்களுக்கு உரிய சிகிச்சை என்று எண்ணி இதைத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு முன்னதாகத் தொடர்புகொள்கிறோமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்க ஏற்பாடு உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்தால் செவிலியர் வருவார். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் விசாரிக்கலாம். அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒரு சங்கம் வளர்ந்து, ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அமைப்பாக மாநிலம் முழுதும் பரவியது. அந்த அளவுக்கு நம் ஊர்களில் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் ஒரு தெருவில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு வந்தாலே அதில் பாதி நடந்துவிடும்.

வீட்டில் நோயாளியைப் படுக்க வைக்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பின்கட்டு அறையில் தனியாகப் போடுவதை விட, குளியலறைக்குப் பக்கமாகவும், வீட்டாரின் பேச்சுச் சத்தம் கேட்கும்படியும், ஜன்னல் காற்று வரும்படியும் உள்ள இடமே நல்லது. கட்டில் பராமரிப்பவரின் இடுப்புயரத்துக்கு இருந்தால் அவருடைய முதுகு தப்பும். தரையில் பாய் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு இரண்டாம் வாரத்திலேயே குனிய முடியாமல் போயிற்று. தலைப்பக்கத்தை உயர்த்தும் மருத்துவமனைக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். இயலாவிட்டால் இருக்கும் கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், வலி எப்படி இருந்தது, மலம் போனதா, சிறுநீர் எவ்வளவு, என்ன சாப்பிட்டார் என்பனவற்றை நேரம் போட்டு எழுதிவாருங்கள். ஆள் மாறி ஆள் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இந்த நோட்டு இல்லாவிட்டால் ஒரே மாத்திரையை இரண்டு பேர் கொடுப்பார்கள், அல்லது இருவருமே கொடுக்க மாட்டார்கள்.

வலி

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு வலி விஷயத்தில்தான். மார்ஃபின் மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது, அது போதைமருந்து, ஆளை மயக்கிப் படுக்கப் போட்டுவிடும், கடைசி நிலையில்தான் கொடுப்பார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, வலி தாங்க முடியாமல் அப்பா கேட்கும்போது மட்டும் ஒன்று கொடுத்துவந்தோம். ஒன்பது நாட்கள் இப்படிப் போயின. அவர் கேட்பதற்கே கூச்சப்பட்டார் என்பதும், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு போர்வை முனையைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பதும் வீட்டுக்கு வந்த செவிலியர் கவனித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புலப்பட்டன.

நீடித்த வலிக்கு மருந்தைக் கேட்டபோது கொடுக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம்தான் நீடிக்கும் என்பதால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடைவெளியில் அடுத்த வேளையைக் கொடுத்தால்தான் வலி தலைதூக்காமல் இருக்கும். இரவில் எழுப்பாமல் இருப்பதற்காகப் படுக்கும் முன் கொடுக்கும் அளவை மருத்துவர் கூட்டித் தருவதும் உண்டு. இடையில் வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு வேளை எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வலிக்காக, சரியான அளவில் எடுத்துக்கொள்பவர் அடிமையாகிவிடுவதில்லை. நாளாக ஆக அளவைக் கூட்ட நேர்ந்தால் பெரும்பாலும் நோய் கூடியிருக்கிறது என்றே பொருள். முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருந்து பிறகு குறைந்துவிடும். முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அளவிலும் மருந்திலும் மாற்றம் தேவைப்படும். ஆகவே அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மார்ஃபின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. போதைமருந்துச் சட்டத்தில் 2014-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை இருப்பு வைத்து வழங்குவது எளிதாகியிருக்கிறது. எனவே ஆதரவு சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். கையிருப்பு ஐந்து நாளுக்குக் கீழே இறங்கும்போதே அடுத்த முறைக்குப் போய்விட வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் குறுக்கே வந்தால் இன்னும் முன்னதாக.

மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும், அது நாளடைவில் சரியாகவும் ஆகாது. ஆகவே மலமிளக்கி மருந்தையும் முதல் நாளிலிருந்தே தினமும் கொடுக்க வேண்டும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் காத்திராமல் செவிலியரிடம் சொல்லுங்கள். பல நாள் இறுகிக் கிடந்த பிறகு திடீரென்று நீராகக் கசிந்தால், அது கெட்டியான மலத்தைச் சுற்றி வழியும் நீராக இருக்கலாம். வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

1967-இல் லண்டனில் நவீன ஆதரவு சிகிச்சை இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடலோடு நின்றுவிடுவதில்லை, மனம், உறவு, பணம், நம்பிக்கை ஆகியவற்றின் வேதனையும் அதனுள் கலந்திருக்கிறது என்று விளக்கினார். அப்பாவின் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மாத்திரையை எவ்வளவு கூட்டியும் அடங்காத வலி, என் தங்கையின் நகைகளை அடகு வைத்துத் தன் சிகிச்சைக்குப் பணம் புரட்டியதை அவர் வாய்விட்டுச் சொல்லி, அதை மீட்க வழி செய்த பிறகு பெருமளவு குறைந்தது. மருந்துக்கு வலி கட்டுப்படவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூச்சுத்திணறலுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர்தான் வழி என்று பலர் எண்ணுகிறார்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையாதவருக்கு, தலைமாட்டை உயர்த்தி, எதிரே ஒரு மேஜையில் தலையணை போட்டு அதன்மேல் கைகளை ஊன்றிச் சாய்ந்து உட்கார வைத்து, சிறிய மின்விசிறியின் காற்று கன்னத்திலும் மூக்கிலும் படும்படி வைப்பதே அதற்கு ஈடான ஆறுதலைத் தரும். அறையில் கூட்டம் கூடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலையும் தணிக்கும். இதற்காகவும் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

உடம்பு

படுக்கைப்புண் ஒரு நாளில் வந்துவிடும். ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், பல சமயம் ஆறுவதே இல்லை. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, காது மடல் ஆகியவற்றைத் தினமும் குளிப்பாட்டும்போது உற்றுப் பார்க்க வேண்டும். நம்மில் பலரின் நிறத்தில் முதல் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது என்பதால், புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்ப்பது நம்பகமானது. அப்படி இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. பாரம் படாமல் விட்டுவிட வேண்டும். ஏர் பெட் எனப்படும், பம்ப்பால் காற்று நிரப்பும் மெத்தையை வாங்கிப் போட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதை நிறுத்திவிடக் கூடாது.

புரட்டும் முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தோளையும் காலையும் பிடித்து இழுத்துத்தான் பலரும் புரட்டுகிறார்கள். அந்த இழுப்பிலேயே தோல் உரிந்துவிடுகிறது. நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி நோயாளியின் அடியில் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொருவர் நின்று, வேட்டியின் ஓரத்தை உடம்புக்கு நெருக்கமாக வரும் வரை சுருட்டி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். "அப்பா, புரட்டப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒன்றாகத் தூக்கி நகர்த்த வேண்டும். பிறகு முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, மல்லாந்த நிலையிலிருந்து கொஞ்சம் மட்டும் ஒருக்களித்த நிலையில் நிறுத்தினால் இடுப்பெலும்பில் பாரம் விழாது. இரு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு சிறு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் காற்றில் நிற்கும்படி. கடைசியாக வேட்டியில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, காதுமடல் மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். புரட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் வலி மருந்து கொடுக்கும்படி நேரத்தை அமைத்துக்கொண்டால் முனகல் இல்லாமல் முடியும்.

புண் வந்து நாற்றமெடுத்தால் நோயாளி கூனிக்குறுகிப் போவார், பார்க்க வருபவர்களும் வாசலோடு நின்றுவிடுவார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறையைச் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்; மிக மலிவான மருந்து, நாற்றம் சில நாட்களில் அடங்கும். வாய், தொண்டைப் பகுதியில் புற்றுப்புண் உள்ளவர்களின் வீட்டில் அடர்சிவப்பு அல்லது கருநீலத் துண்டுகள் சிலவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். இரத்தப்போக்கு ஏற்பட்டால் வெள்ளைத் துணியில் தெரியும் இரத்தத்தைக் கண்டு நோயாளியும் வீட்டாரும் மிரண்டுபோவதை அது தடுக்கும்.

வாயைப் பார்த்துக்கொள்வது எளிய வேலை, அதனாலேயே விட்டுப்போகும் வேலை. ஒரு டம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்து, ஈறுகளையும் நாக்கையும் நாளொன்றுக்கு நான்கைந்து முறை துடைத்துவிட்டு, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். தயிர்த் திட்டுப் போல வெள்ளையாகப் படிந்து, விழுங்கும்போது எரிகிறது என்று சொன்னால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. சிறுநீர் வடியக் கேத்தட்டர் என்ற குழாய் போட்டிருந்தால் சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். புரட்டும்போது அதை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவது நாங்கள் பலமுறை செய்த பிழை.

சோறு

நம் வீடுகளில் அன்பு என்பது பெரும்பாலும் சோறுதான். "ஒரு வாய் சாப்பிட்டால் தெம்பு வந்துவிடும்" என்று அம்மா கிண்ணத்தோடு நிற்பதும், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதும், இருவரும் கலங்குவதும் எங்கள் வீட்டில் தினம் மூன்று வேளை நடந்தது. கடைசிக் கட்டத்தில் உடல் உணவைப் பயன்படுத்திக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. சாப்பிடாததால் அவர் இறப்பதில்லை, உடல் இறப்பை நோக்கிப் போவதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது. இதைச் செவிலியர் சொன்னபோது அம்மா அழுதார்; ஆனால் மறுநாள் முதல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பின் செய்ய வேண்டியது, கேட்டதைக் கேட்டபோது கொஞ்சமாகக் கொடுப்பதுதான். பத்தியம் எதுவும் இப்போது தேவையில்லை. நன்றாக உட்கார வைத்து, மோவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க, சிறிய கரண்டியால், முந்தைய வாய் இறங்கியதைத் தொண்டை அசைவில் பார்த்த பிறகே அடுத்ததைத் தர வேண்டும். தண்ணீர் புரையேறினாலும் கூழ் பதத்தில் உள்ளது சிலருக்கு நன்றாக இறங்கும். அப்பா கடைசியாக விரும்பிக் கேட்டது மிளகு ரசத்தின் தெளிவு. அரைக் கரண்டிதான் உள்ளே போயிற்று. ஆனால் அந்த மணத்தை முகர்ந்து, "உங்க அம்மா கையாக்கும்" என்றார். விழுங்க முடியாமல் போன பிறகு, நினைவு தப்பியவரின் வாயில் பாலோ இளநீரோ ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்த் திணற வைக்கும். உதட்டையும் நாக்கையும் நனைத்தால் தாகம் தணியும். மூக்குக் குழாயும் குளுக்கோஸ் ட்ரிப்ஸும் கடைசி நாட்களில் வீக்கத்தையும் சளியையும் கூட்டுவதே பெரும்பாலும் நடப்பது.

சொல்வதும் எழுதிவைப்பதும்

"அவருக்குத் தெரியக் கூடாது" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுவது நம்மிடம் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. பேச ஆளில்லாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டியதில்லை. "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அந்த அளவுக்குப் பொய் சொல்லாமல் பதில் சொன்னால் போதும். கேட்க விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது.

பேச முடிகிற காலத்திலேயே உயில், வங்கிக் கணக்குக்கும் வைப்புத்தொகைக்கும் நாமினி, ஓய்வூதியக் கணக்கு, நிலப் பத்திரங்கள் இருக்கும் இடம், திருப்பித் தர வேண்டிய கைமாற்று ஆகியவற்றை முடித்துவிடுங்கள். சொத்துப் பேச்சை எடுத்தால் இறப்புக்குக் காத்திருப்பதாக நினைப்பாரோ என்ற தயக்கம் இயல்பு. ஆனால் பலர் அந்தப் பேச்சை யாராவது எடுக்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.

மீட்க முடியாத நிலையில் வெண்டிலேட்டர் போன்ற கருவிகள் தனக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி ஒருவரிடம் சான்று பெற்றால் போதும் என்றது. அதை எழுதிவைப்பதோடு, உறவினர் அனைவருக்கும் சொல்லியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரவில் எங்கிருந்தோ வந்து சேரும் ஒருவர், "இப்படியே விட்டுவிடுவீர்களா?" என்று கேட்டு 108-ஐ அழைத்துவிடுவார், அதன்பின் நடப்பவை எவையும் நோயாளி விரும்பியவையாக இருக்காது. மீண்டும் மருத்துவமனைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலும்பு முறிவு, சிறுநீர் அடைப்பு, வீட்டில் அடங்காத வலி போன்றவற்றுக்குப் போகத்தான் வேண்டும். போனால் அவருக்கு என்ன சுகம் கிடைக்கும் என்பது ஒன்றே கேள்வியாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தென் மாவட்டங்களில் சில ஊர்களில், நெடுநாள் படுத்திருக்கும் முதியவரின் உயிரை விரைந்து பிரியச் செய்யும் தலைக்கூத்தல் என்ற வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "இழுத்துக்கொண்டே கிடக்கிறது, முடித்துவிடலாமே" என்று பெரியவர்களே சொல்லக்கூடும். அது சட்டப்படி கொலை. அப்படிச் சொல்ல வைப்பது பெரும்பாலும் அடங்காத வலியும், தனியாகப் பார்த்துக்கொள்பவரின் களைப்பும், வறுமையும்தான். இம்மூன்றுக்கும் உதவி கேட்டு வாங்குவதே அதற்கு மாற்று.

களைப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். மருமகளோ மகளோ ஒருத்தியின் தலையில் எல்லா வேலையையும் போட்டுவிட்டு, மற்றவர்கள் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுவது அநியாயம். புரட்டவும் மலம் துடைக்கவும் ஆண்களும் கற்றுக்கொள்ளலாம். என் தம்பி கற்றுக்கொண்டான். இரவுப் பணியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி முறை வையுங்கள். பார்க்க வருபவர்களிடம் பத்து நிமிடம் என்று பணிவோடு சொல்லிவிடுங்கள். "ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பவரிடம் "நாளை மதியம் ஒரு குழம்பு கொண்டுவாருங்கள்" என்று குறிப்பாகச் சொன்னால் அவர்களுக்கும் அது நிம்மதி.

கடைசி நாட்கள்

பெரும்பாலும் அடையாளம் தெரியும். நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிப்பார். சிறுநீர் குறைந்து அடர்நிறமாகும். கைகால் சில்லிட்டு, பாதத்திலும் முழங்காலிலும் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்தது போலத் தெரியும். இறந்துபோன தாயோ அண்ணனோ வந்து நிற்பதாகச் சொல்வார். அவர் பயப்படாதவரை அதை மறுத்து வாதிட வேண்டியதில்லை. திடீரென்று அமைதியிழந்து துணியை இழுத்துக்கொண்டும் எழ முயன்றுகொண்டும் இருந்தால், சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா, வலியா என்று முதலில் பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. விழுங்க முடியாதபோது வலி மருந்தை நிறுத்திவிடக் கூடாது, வேறு எந்த வழியில் கொடுப்பது என்பதை முன்பே கேட்டு வையுங்கள்.

மேல்மூச்சு வாங்கும்போது மூச்சு வேகமாகி, தணிந்து, அரை நிமிடம் வரை நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்ற சத்தம் வரும். கேட்பவருக்குத்தான் அது கொடுமை. விழுங்க மறந்த எச்சில் தொண்டையில் தேங்கி எழும் அந்தச் சத்தத்தை அந்நிலையில் இருப்பவர் உணர்வதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். குழாய் விட்டு உறிஞ்சுவதை விட, ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் குறையும். சுரப்பைக் குறைக்கும் ஊசியும் இருக்கிறது. காது கடைசிவரை கேட்கிறது என்ற எண்ணத்தோடு அறையில் பேசுங்கள். ஈமச் செலவுக் கணக்கை அங்கே பேச வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, வந்திருப்பவர் யார் என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். பால் ஊற்றும் வழக்கம் உள்ளவர்கள் ஒரு சொட்டை உதட்டில் தொட்டு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்பாவின் மூச்சு விடியற்காலை நான்கரை மணிக்கு நின்றது. அடுத்த மூச்சு வரும் என்று நாங்கள் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

உயிர் பிரிந்த பின்

அவசரப்பட வேண்டியது கண்தானம் ஒன்றுக்கு மட்டுமே. அதை விரும்பியிருந்தால், 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்கள் நீங்கலாக, புற்றுநோயில் இறந்தவர்களும் பெரும்பாலும் கண்தானம் செய்யலாம்.

வீட்டில் நடந்த இறப்புக்கு மருத்துவச் சான்று இல்லாவிட்டால் மயானத்தில் தகராறு வரும். கடைசி நோயில் பார்த்துவந்த மருத்துவரிடம், அந்த நேரத்தில் வந்து பார்த்துச் சான்று தருவாரா என்று முந்தைய வாரமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இறந்தவர் உடலில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் தகனத்துக்கு முன் அதை அகற்றியாக வேண்டும். வெப்பத்தில் அது வெடிக்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும்: கிராமமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரமாக இருந்தால் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ. காலம் தவறினால் தாமதக் கட்டணமும், மேல் அதிகாரியின் அனுமதியும், ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் உத்தரவும் வேண்டியிருக்கும். பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுதப்படுகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் வங்கியில் அலைய நேரும். இறப்புச் சான்றிதழில் பத்துப் பிரதிகளாவது எடுத்துக்கொண்டு, இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடலாம். மீந்த மார்ஃபின் மாத்திரைகளைக் குப்பையில் போடாமல், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகும், இரவு இரண்டு மணிக்குப் புரட்டும் நேரம் என்று அம்மாவுக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, தன் இரத்த அழுத்த மாத்திரையைக்கூட மறந்திருந்த அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனது இரண்டு மாதம் கழித்துத்தான். முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்திருக்கலாம்" என்று அவர் சொல்லும் போதெல்லாம் நான் மறுத்துப் பேசுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஏர் பெட்டைச் சோப்புநீரில் துடைத்து, நிழலில் உலர்த்தி மடித்து வைத்திருந்தோம். மூன்றாவது தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு அம்மாளின் மகன் வந்து கேட்டபோது அதைக் கொடுத்தோம். பம்ப்பின் அழுத்தத்தை எந்த அளவில் வைப்பது, வேட்டியை எப்படி மடித்து அடியில் போடுவது என்பனவற்றை என் அம்மாவே அவர்கள் வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.